ஆனைக்கொம்பனும் அதன் உறவு ஈக்களும்

ஆனைக்கொம்பன் நெல்வயலில் வாழும் சிறு ஈ. உருவத்தில் கொசுவை ஒத்தது. உடல் நீளம் மூன்று, மூன்றரை மில்லிமீட்டர். பெண் ஈயின் வயிறு செம்மஞ்சளாகப் பருத்திருக்கும். ஆண் மெலிந்தது, நிறமும் மங்கல். பகலில் பயிரின் அடியில் ஒதுங்கிக் கிடந்து, இரவில் விளக்கு வெளிச்சத்தை நாடி வரும். வளர்ந்த ஈயின் ஆயுள் சில நாள்தான். அதற்குள் ஒரு பெண் ஈ நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை நெல்லின் இலைகளில் இட்டுவிடும்.

மூன்று நான்கு நாளில் முட்டை பொரிகிறது. வெளிவரும் புழு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. இலையின் மேலுள்ள ஈரத்தில் ஊர்ந்து, இலையுறைகளின் இடுக்கு வழியாக இறங்கி, தூரின் அடியிலுள்ள குருத்து முனையை அடைகிறது. ஈரம் இல்லாவிட்டால் இந்தப் பயணம் நடக்காது. வானம் மூடியும் தூறலுமாக இருக்கும் நாள்களில் ஆனைக்கொம்பன் பெருகுவதற்கு இதுவே காரணம். பாலாற்றை ஒட்டிய வாலாஜாபாத், தென்னேரி வட்டாரத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டம் பிரித்து நெல் வைக்கிறார்கள். ஏரி நிறைந்து வயலில் நீர் நிற்கும் மழைக்காலப் பட்டமே இந்த ஈக்கு ஏற்றது.

குருத்து முனையை அடைந்த புழு அங்கேயே தங்கி உண்ணத் தொடங்குகிறது. அதன் தூண்டுதலால் நெற்பயிரின் வளர்ச்சி திசைமாறுகிறது. இலையாக விரிய வேண்டிய பகுதி விரியாமல், உள்ளே வெற்றிடமுள்ள குழலாக நீளுகிறது. வெளுத்த பச்சையில், சில சமயம் வெள்ளி போலப் பளபளத்து, வெங்காயத்தாள் போல நிமிர்ந்து நிற்கும் அந்தக் குழலைக் கண்டால் விவசாயிக்கு உடனே புரிந்துவிடும்: அந்தத் தூரில் இனிக் கதிர் வராது. புழு கூட்டுப்புழுவாக மாறியபின், தன் வயிற்றிலுள்ள முட்களை ஊன்றி ஊன்றிக் குழலின் உச்சிவரை ஏறுகிறது. தலையிலுள்ள கொம்பு போன்ற உறுப்பால் துளையிட்டு, பாதி உடலை வெளியே நீட்டுகிறது. தோல் வெடித்து ஈ பறந்துபோன பிறகு, அந்த வெறுந்தோல் துளையின் வாயிலேயே செருகி நிற்கும். காலையில் வயலுக்குப் போகிறவர்கள் குழலின் நுனிக்குச் சற்றுக் கீழே பார்த்தால் அதைக் காணலாம். முட்டையிலிருந்து ஈ வரை மொத்தம் மூன்று வாரம், சில நாள் கூடலாம் அல்லது குறையலாம்.

இவ்வளவு நெருக்கமாக அறியப்பட்ட ஒரு பூச்சிக்கும் அறிவியலில் ஒரு பிறந்த தேதி உண்டு. 1880இல் பீகாரின் முங்கேர் பகுதியில் நெல்லைத் தாக்கிய பூச்சி என்று இது பதிவாயிற்று. அப்போது இதற்கு அறிவியல் பெயர் இல்லை. கல்கத்தா இந்தியன் மியூசியத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஜேம்ஸ் வுட்-மேசன் சூட்டிய ‘செசிடோமையா ஒரைசே’ என்ற பெயர், 1889இல் ‘இந்தியன் மியூசியம் நோட்ஸ்’ இதழ் வழியாக அச்சேறியது. ஒரைசே என்றால் நெல்லினுடையது. பேரினம் பின்னர் மாறியது. சில காலம் ‘பாக்கிடிப்ளோசிஸ் ஒரைசே’ என்று நூல்களில் வழங்கி, இன்று ‘ஆர்சியோலியா ஒரைசே’ என்று நிற்கிறது. பேரினம் எத்தனை முறை மாறினாலும் ஒரைசே என்ற பகுதியும் வுட்-மேசனின் பெயரும் ஒட்டிக்கொண்டே வரும். விலங்கியல் பெயரிடல் விதிகளின்படி, முதலில் முறையாக வெளியான பெயருக்கே முன்னுரிமை.

ஆனைக்கொம்பன் சேர்ந்த குடும்பம் செசிடோமையிடே. தமிழ்நாட்டு வேளாண்மை நூல்களில் கொப்புள ஈக்கள் என்று வரும் பல பூச்சிகள் இந்தக் குடும்பத்தவை. மாவிலையில் பருக்கள் போலத் தோன்றும் கொப்புளங்கள், எள் காய் விதை வைக்காமல் புடைத்துப் போவது, சோளக்கதிர் மணி பிடிக்காமல் பதராவது, முருங்கை மொட்டு விரியாமல் உதிர்வது எல்லாம் இவற்றின் வேலை. உலகம் முழுவதும் இந்தக் குடும்பத்தில் இதுவரை பெயரிடப்பட்டவை 6,600க்கும் மேற்பட்ட இனங்கள். உண்மையில் எத்தனை இருக்கும் என்பதற்குத் திடுக்கிட வைக்கும் ஒரு மதிப்பீடு 2016இல் வந்தது. கனடாவில் சேகரித்த ஏறத்தாழ பத்து லட்சம் பூச்சிகளின் மரபணுத் துண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்த பால் ஹெபர்ட்டும் குழுவினரும், உலகில் கொப்புள ஈக்கள் மட்டுமே 18 லட்சம் இனங்கள் இருக்கலாம் என்று கணித்தார்கள். எல்லா ஈக் குடும்பங்களையும் சேர்த்து இன்றுவரை பெயர் பெற்றவை சுமார் 1.6 லட்சம்தான். அந்த மதிப்பீடு நான்கில் ஒரு பங்கு சரியாக இருந்தாலும்கூட, மனிதர் பெயரிட்டிருப்பது மிகச் சிறிய பகுதி என்றாகிறது. வெப்பமண்டலத்தில் இந்த இடைவெளி இன்னும் பெரிது.

புதிய இனம் என்று ஒன்றை அறிவிப்பதற்கு முன் நடக்கும் வேலை நீண்டது, பொறுமையைக் கேட்பது. முதல் வேலை சேகரிப்பு. பறக்கும் சிறு ஈக்களைப் பிடிக்க மலேஸ் பொறி என்ற வலைக்கூடாரம் உலகெங்கும் பயன்படுகிறது. ஸ்வீடன் நாட்டுப் பூச்சியியலர் ரெனே மலேஸ் 1930களில் பர்மாவுக்குப் போனபோது பெரிய அளவில் பயன்படுத்தி, 1937இல் அதைப்பற்றி எழுதினார். கூடாரத்துக்குள் நுழைந்த பூச்சிகள் மேலேறி உச்சி மூலையில் அடைவதைக் கண்டதில் பிறந்த யோசனை அது. குறுக்கே கட்டிய வலையில் மோதும் ஈ வெளிச்சத்தை நோக்கி மேலே ஏறி, உச்சியிலுள்ள ஆல்கஹால் புட்டியில் விழும். மஞ்சள் நிறத் தட்டில் சோப்புநீர் வைத்தும் பிடிப்பதுண்டு.

ஆனால் கொப்புள ஈக்களுக்குப் பொறியைவிடச் சிறந்த வழி, அவை இருக்கும் செடியையே கொண்டுவந்து வளர்ப்பது. ஈ எந்தச் செடியில், எந்த உறுப்பில், என்ன வடிவக் கொப்புளத்தை உண்டாக்குகிறது என்பதே அதன் அடையாளத்தில் பாதி. ஆனைக்கொம்பன் தாக்கிய தூர்களை அடியோடு வெட்டி, ஈரப் பஞ்சு சுற்றி, கண்ணாடிப் புட்டியில் இட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி வைத்தால் சில நாளில் ஈக்கள் வெளிவரும். சில தூர்களிலிருந்து ஈக்கு மாறாகக் கறுப்பான நுண்குளவிகள் வரும். ஈயின் முட்டைக்குள் முட்டையிட்டு, அது புழுவானதும் உள்ளிருந்தே அதைத் தின்று வளரும் ‘பிளாட்டிகாஸ்டர் ஒரைசே’ என்ற குளவி அது. அதன் ஒரே முட்டை பலவாகப் பிரிந்து, ஒரு புழுவுக்குள் பல குளவிகளாக வளரும். ஆனைக்கொம்பனைக் கட்டுப்படுத்த, இக்குளவி புகுந்த குழல்களைப் பத்துச் சதுர மீட்டருக்கு ஒன்று வீதம் நடவு வயலில் வைக்கும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது.

ஒரே கொப்புளத்திலிருந்து ஆணும் பெண்ணும் புழுவும் கூட்டுப்புழுவும் கிடைப்பது வகைப்பாட்டியலருக்குப் பெரும் பேறு. பொறியில் ஓர் ஆண் ஈ தனியாக விழுந்தால் அதன் பெண் எது, புழு எப்படி இருக்கும் என்று சொல்ல வழியில்லை. பழைய நூல்களில் ஆணை ஓர் இனமாகவும் பெண்ணை வேறோர் இனமாகவும் விவரித்து, பின்னால் இரண்டும் ஒன்றே என்று தெரியவந்த இடங்கள் பல உண்டு.

அடுத்தது ஈயை நுண்ணோக்கிக்குத் தயாராக்குவது. ஊசியில் குத்தி உலர்த்தினால் இவ்வளவு மெல்லிய உடல் சுருங்கிவிடும். ஆகவே ஆல்கஹாலில் வைத்த ஈயை எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைக்கிறார்கள். தசையும் கொழுப்பும் கரைந்து, கைட்டின் தோடு மட்டும் தெளிவாக நிற்கும். பின் தலை, இறக்கை, வயிற்றின் கடைசிப் பகுதி என்று பிரித்து, கனடா பால்சம் என்ற பிசினில் பதித்து, மெல்லிய கண்ணாடியால் மூடுகிறார்கள். பிசின் முழுதாக இறுக வாரக்கணக்கில் ஆகும். ஒரு கை நடுக்கத்தில் உணர்கொம்பு ஒடிந்துபோனால் அந்த மாதிரியின் மதிப்பு குறைந்துவிடும். கிடைத்தது ஒரே ஓர் ஆண் என்றால் அந்த இழப்பை ஈடுகட்டவே முடியாது.

கண்ணாடித் தகட்டில் தெரிபவை வியப்பூட்டுபவை. வெறுங்கண்ணுக்கு நூலிழையாகத் தெரியும் ஆண் ஈயின் உணர்கொம்பு, நுண்ணோக்கியில் மணிமணியாகக் கணுக்கள் கோத்ததாகத் தெரிகிறது. கணுக்களைச் சுற்றி மிக மெல்லிய வளைய இழைகள் கண்ணி கண்ணியாக நிற்கும். இந்த வளைய இழைகள் வேறெந்த ஈக் குடும்பத்திலும் இல்லை. எத்தனை கணு, ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம், கண்ணிகள் எத்தனை வரிசை, காலின் நகத்தில் பல் உண்டா இல்லையா, இறக்கையின் நரம்பு எந்த இடத்தில் விளிம்பைத் தொடுகிறது என்று ஒவ்வொன்றாக அளந்து எழுத வேண்டும். பெரும்பாலான இனங்களின் முதிர்ந்த புழுவுக்கு மார்பின் அடிப்புறத்தில் பழுப்பு நிறத்தில் கெட்டியான சிறு தகடு இருக்கும். அதன் முனை பிளந்திருப்பதும் வட்டமாக இருப்பதும்கூட இனத்தைக் காட்டிக்கொடுக்கும்.

எல்லாவற்றிலும் உறுதியான அடையாளம் ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பு. நிறமும் அளவும் உணவையும் பருவத்தையும் பொறுத்து மாறும். இந்த உறுப்பின் அமைப்போ ஓர் இனத்துக்குள் பெரிதும் மாறாமலும், நெருங்கிய இனங்களுக்கிடையே மாறியும் இருப்பது வழக்கம். சிறு ஈக்களின் விவரிப்பு எதைப் புரட்டினாலும் இதன் கோட்டோவியம் முக்கிய இடத்தில் இருப்பது அதனால்தான். நல்ல ஒளிப்படம் எடுக்க வசதி வந்த பிறகும் கோட்டோவியம் வழக்கொழியவில்லை. எது முக்கியம் என்று தீர்மானித்து வரைந்த கோடு சொல்வதை ஒளிப்படம் சில நேரம் மறைத்துவிடுகிறது.

ஓர் ஈயை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் அது புதியது என்பது அந்த அளவிலேயே கிடைத்துவிடாது. ஏற்கெனவே பெயரிடப்பட்ட நெருங்கிய இனங்கள் ஒவ்வொன்றோடும் வைத்துப் பார்த்து, இது அவற்றில் எதுவும் இல்லை என்று காட்ட வேண்டும். பழைய விவரிப்புகள் பெரும்பாலும் சுருக்கமானவை. நிறம், உடல் நீளம், இறக்கையைப் பற்றி ஒன்றிரண்டு வரி என்று முடிந்துவிடும். அப்படிப்பட்ட வரிகள் பத்து இனங்களுக்கும் பொருந்தும். ஆகவே அந்த வரிகளை எழுதியவர் கையில் வைத்திருந்த அதே ஈயைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

இதற்காகவே ஹோலோடைப் என்ற ஏற்பாடு இருக்கிறது. புதிய இனத்தை விவரிப்பவர் தன்னிடமுள்ள மாதிரிகளில் ஒன்றை மட்டும் தேர்ந்து, இந்தப் பெயர் இந்த உடலுக்கு உரியது என்று அறிவிக்கிறார். அதுவே ஹோலோடைப். அதோடு சேர்த்து ஆராய்ந்த மற்ற மாதிரிகள் பாராடைப். நாளை அந்த இனத்தைப் பற்றிச் சந்தேகம் எழுந்தால் விவரிப்பின் சொற்களுக்கு அப்பால் அந்த ஓர் உடலே தீர்ப்பு சொல்லும். பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி புதிய இனத்துக்கு இத்தகைய மூல மாதிரியைக் குறிப்பிடுவதும், அது எந்த நிறுவனத்தில் வைக்கப்படும் என்று சொல்வதும் கட்டாயம். 2012 முதல் மின்னிதழில் வெளியாகும் பெயர்களும் செல்லும். ஆனால் ஸூபேங்க் என்ற பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். விவரிப்பை எந்த மொழியிலும் எழுதலாம். பெயர் மட்டும் லத்தீன் எழுத்துகளில், பேரினம், சிற்றினம் என்று இரு பகுதியாக இருக்க வேண்டும். விலங்குகளுக்கான இந்த இரட்டைப் பெயர் முறையின் தொடக்கமாக, லின்னேயஸ் நூலின் பத்தாம் பதிப்பு வெளியான 1758ஐ வைத்திருக்கிறார்கள்.

இந்த நுணுக்கமெல்லாம் அருங்காட்சியகத்துக்குள்ளே முடிந்துவிடும் வேலை என்று தோன்றலாம். ஆனைக்கொம்பனின் ஆப்பிரிக்க உறவுகள் அது எவ்வளவு தவறான எண்ணம் என்பதைக் காட்டுகின்றன.

மேற்கு ஆப்பிரிக்காவிலும் சூடானிலும் நெல்லில் இதே போன்ற வெள்ளைக் குழல்கள் தோன்றின. ஈயும் ஆசிய ஈயைப் போலவே இருந்தது. பல்லாண்டுக் காலம் அதுவும் ஆர்சியோலியா ஒரைசே என்றே நூல்களில் எழுதப்பட்டது. ஒரே ஈ என்றால் ஆசியாவில் பலன் தந்த எதிர்ப்பு நெல் ரகங்கள் அங்கேயும் பலன் தர வேண்டும். அப்படி நடக்கவில்லை. 1982இல் கே. எம். ஹாரிஸ், ஆர். ஜே. காக்னே என்ற இருவரும் இரண்டு கண்டங்களின் ஈக்களையும் உறுப்பு உறுப்பாக ஒப்பிட்டு, ஆப்பிரிக்க ஈ தனி இனம் என்று காட்டினார்கள். அதற்கு ‘ஆர்சியோலியா ஒரைசிவோரா’ என்று பெயரிட்டார்கள். கட்டுரை ஆறே பக்கம். அந்த ஆறு பக்கத்துக்குப் பிறகு, ஆசிய ஈயை வைத்துத் தெரிந்துகொண்ட எதையும் ஆப்பிரிக்க வயலுக்கு அப்படியே கொண்டுபோகக் கூடாது என்பது தெளிவாயிற்று. எதிர்ப்பு ரகங்களை அந்த ஈயை விட்டே சோதித்துத் தேட வேண்டியிருந்தது.

அதோடு முடியவில்லை. மேற்கு ஆப்பிரிக்க நெல்வயல்களின் ஓரத்தில் காட்டு வரகு வளர்கிறது. தமிழ்நாட்டில் தானியத்துக்காகப் பயிரிடும் அதே வரகு இனம்தான். அதிலும் நெல்லில் தோன்றுவது போன்ற குழல்கள் இருந்தன. நெல்லைத் தாக்கும் ஈ அறுவடைக்குப் பின் வரகில் தங்கி, அடுத்த பட்டத்தில் நெல்லுக்குத் திரும்புகிறது என்று நினைப்பது இயல்பு. அப்படியானால் வரப்பில் நிற்கும் வரகைச் செதுக்கி எறிவதே நல்லது. 1999இல் ஹாரிஸும் அவரோடு பணியாற்றியவர்களும் வரகில் வாழும் ஈயை ஆராய்ந்து, அதுவும் தனி இனம் என்று விவரித்தார்கள். ‘ஆர்சியோலியா போன்சியை’ என்பது அதன் பெயர். அது நெல்லைத் தாக்குவதில்லை. ஆனால் நெல் ஈயைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகள் இந்த வரகு ஈயையும் தாக்கி வாழ்கின்றன. நெல் இல்லாத மாதங்களில் குளவிகளுக்கு இருப்பிடமாக இருப்பது வரகு. களை என்று செதுக்கிப் போட்டால் குளவிகளும் சேர்ந்து போய்விடும். ஒரு புதிய ஈயின் விவரிப்பு, வரப்பில் எந்தச் செடியை விடலாம் என்பது வரை வந்து நிற்கிறது.

இந்தியாவிலும் இதையொத்த கேள்வி இருக்கிறது. ஆனைக்கொம்பன் பல புல் இனங்களில் தங்கும் என்று பழைய வேளாண் நூல்கள் பட்டியல் தருகின்றன. அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் குழலின் தோற்றத்தை வைத்து எழுதப்பட்டவை. ஆர்சியோலியா பேரினத்தில் புற்களைத் தாக்கும் தனித்தனி இனங்கள் பல உண்டு. பேரினத்தின் முன்மாதிரி இனமே அருகம்புல்லில் வாழ்வது. புல்லில் குழல் கண்ட இடத்திலெல்லாம் நெல் ஈ இருக்கிறது என்று முடிவுகட்டுவது சரியாக இருக்காது.

நெல்லைத் தாக்கும் ஆனைக்கொம்பனுக்குள்ளேயும் வேறுபாடுகள் உண்டு. இந்தியாவில் ஏழு உயிர்வகைகள் அறியப்பட்டுள்ளன. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் இவற்றைப் பிரித்தறிய முடியாது; இனப்பெருக்க உறுப்பும் ஒன்றே. குறிப்பிட்ட எதிர்ப்பு மரபணுவுள்ள நெல் ரகத்தின்மேல் விட்டால் ஒரு வகை செத்துப்போகும், மற்றொன்று பிழைத்து வளரும். எம்.டி.யூ.3, சக்தி, விக்ரம், சுரேகா போன்ற ரகங்கள் ஆனைக்கொம்பனுக்கு எதிர்ப்புள்ளவை என்று பரிந்துரைக்கப்பட்டவை. ஒரு வட்டாரத்தில் தாங்கிய ரகம் இன்னொரு வட்டாரத்தில் தாங்காமல் போவதற்கு இந்த உயிர்வகை வேறுபாடு ஒரு காரணம். இவை தம்முள் கூடி இனம் பெருக்கக்கூடியவை என்பதால் தனி இனங்களாகப் பெயரிடப்படவில்லை. எங்கே ஓர் இனம் முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்பதைத் தோற்றத்தின் வேறுபாடு மட்டும் முடிவு செய்வதில்லை, பயிருக்குச் செய்யும் கேட்டின் வேறுபாடும் முடிவு செய்வதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

தமிழ்நாட்டின் சிறு ஈக்களை யார் விவரித்தார்கள் என்று பார்த்தால், அந்த ஈக்கள் பயணப்பட்ட தூரம் மலைக்க வைக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் கோயம்புத்தூரிலிருந்து அனுப்பப்பட்ட கொப்புள ஈக்கள் பலவற்றுக்குப் பெயரிட்டவர் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலப் பூச்சியியலராக இருந்த எஃப்ரைம் போர்ட்டர் ஃபெல்ட். எள் காயைத் தாக்கும் கொப்புள ஈக்கு அறிவியல் பெயர் தந்தவர் அவர்தான்.

அந்த நிலையை மாற்றியவர்களில் முதன்மையானவர் தஞ்சாவூரில் 1908இல் பிறந்த எம். எஸ். மணி. 1930களில் கல்கத்தாவில் இருந்துகொண்டு இந்தியக் கொப்புள ஈக்களைப் பற்றித் தொடர்ந்து கட்டுரைகள் வெளியிட்டார். முருங்கை மொட்டைத் தாக்கும் ஈ அவர் விவரித்த இனங்களில் ஒன்று. பின்னாளில் இமயத்தின் உயர்மலைப் பூச்சிகளைப் பற்றிய ஆய்வுக்காகவும், 1964இல் வெளியான தாவரக் கொப்புளங்களின் சூழலியல் பற்றிய நூலுக்காகவும் உலகப் புகழ் பெற்றார். கொப்புளத்தை ஈயின் வேலை என்று மட்டும் பாராமல், செடியும் பூச்சியும் சேர்ந்து கட்டுவதாகப் பார்த்தவர் அவர். 2003இல் மறைந்தார்.

இன்னொருவரின் பெயர் தமிழ்நாட்டில் அவருக்குரிய அளவு பேசப்படவில்லை. காரைக்காலை அடுத்த குரும்பகரத்தைச் சேர்ந்த பி. சூசை நாதன் 1930களிலிருந்து பல பத்தாண்டுகள் பூச்சி சேகரிப்பையே தொழிலாகக் கொண்டிருந்தார். நீலகிரி, ஆனைமலை, வாளையாறு காடுகளிலும் சொந்த ஊர்ப்பக்கத்து நெடுங்காட்டிலும் பிடித்த பூச்சிகளை உலகின் பெரிய அருங்காட்சியகங்களுக்கு அனுப்பினார். அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் நகரிலிருந்த சார்லஸ் பால் அலெக்சாண்டர், நீண்ட கால்களுடைய நாரை ஈக்களில் 11,000க்கும் மேற்பட்ட புதிய இனங்களை விவரித்தவர். ஒரு மனிதர் தன் வாழ்நாளில் இத்தனை இனங்களுக்குப் பெயரிட்டது வேறெந்த ஈக் குடும்பத்திலும் நடக்கவில்லை. தென்னிந்திய நாரை ஈக்களில் கணிசமானவை சூசை நாதன் அனுப்பிய மாதிரிகளைக் கொண்டு அலெக்சாண்டர் விவரித்தவை. ‘நாதனி’ என்று முடியும் பெயர்கள் பூச்சியியலில் நிறைய உண்டு. அவை இந்தச் சேகரிப்பாளரைக் குறிப்பவை. அவர் ஊசியில் செருகிய சிறு சீட்டுகளில் ஊர், மாவட்டம், மலையின் உயரம், மாதம், ஆண்டு எல்லாம் இருந்தன. சீட்டில்லாத ஈ எவ்வளவு அழகாக இருந்தாலும் அறிவியலுக்குப் பெரும்பாலும் பயன்படாது. அவர் அனுப்பிய மாதிரிகள் இன்றும் ஆய்வில் எடுத்தாளப்படுவதற்கு அந்தச் சீட்டுகளே காரணம்.

ஆனால் அந்த மூல மாதிரிகளில் பெரும்பாலானவை வெளிநாடுகளில் இருக்கின்றன. ஆனைமலையில் பிடித்த ஓர் ஈயைப் பழைய இனத்தோடு ஒப்பிட, கோயம்புத்தூர் மாணவர் வாஷிங்டனுக்கோ லண்டனுக்கோ எழுத வேண்டியிருக்கிறது. அங்கே அவை பத்திரமாகப் பேணப்பட்டன என்பது உண்மை. இங்கே ஆய்வு செய்கிறவர்களுக்கு அவை எட்டாத தூரத்தில் இருந்தன என்பதும் உண்மை. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் இதற்கு ஒரு வழி செய்தது. இந்தியாவில் புதிய உயிரினம் கண்டறிகிறவர் அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து, மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும் என்று சட்டத்தின் 39ஆம் பிரிவு சொல்கிறது. 1916இல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வகம் கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு, சென்னையில் தென்மண்டல மையத்துடன் இயங்குகிறது. வேளாண் பூச்சிகளுக்கென்று பெங்களூரில் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் செயலகம் இருக்கிறது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2018இல் திறந்த பூச்சி அருங்காட்சியகத்தைப் பொதுமக்களும் பார்க்கலாம்.

பெயர் அடிக்கடி மாறுவது பூச்சியியலுக்கு வெளியே இருப்பவர்களை எரிச்சலூட்டும். காஞ்சிபுரத் தறிகளுக்கு வரும் பட்டோடு தொடர்புள்ள ஓர் ஈ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது சிறிய ஈ அன்று. வீட்டு ஈயைவிடப் பெரியது. பட்டுப்புழுவின் உடலில் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஊசி ஈ, வங்காளத்தில் நெடுங்காலமாக இருந்தது. 1980இல் கர்நாடகத்துக்குள் நுழைந்து, அங்கிருந்து தென்னகத்துப் பட்டு வளர்ப்பு முழுவதையும் வாட்டியது. ஆய்வுக் கட்டுரைகளில் அதை ‘டிரைக்கோலைகா பாம்பிசிஸ்’ என்றும், ‘எக்சோரிஸ்டா சார்பில்லன்ஸ்’ என்றும், ‘எக்சோரிஸ்டா பாம்பிசிஸ்’ என்றும் எழுதியிருக்கிறார்கள். ஒரே ஈயைப் பற்றிய அறிவு மூன்று பெயர்களின் கீழ்ச் சிதறிக் கிடந்தால், புதிதாகத் தேடுகிறவருக்குப் பாதிதான் கிடைக்கும். எந்தப் பெயர் எந்த மூல மாதிரிக்கு உரியது என்று தீர்த்து, மற்றவற்றை அதன் இணைப்பெயர்களாகப் பட்டியலிடும் வேலையும் புதிய இனத்தை விவரிப்பதற்கு நிகரானது. அதற்குக் கிடைக்கும் பாராட்டு மட்டும் குறைவு.

இப்போது விவரிப்போடு டிஎன்ஏ வரிசையும் சேர்ந்து வருகிறது. 2003இல் பால் ஹெபர்ட் குழு முன்வைத்த முறையில், ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள ஒரு மரபணுவின் 658 எழுத்து நீளமுள்ள துண்டைப் படித்து இனத்தை அடையாளம் காண்கிறார்கள். ஈயின் ஒரு கால் போதும். மற்ற உடலை முழுதாகப் பதித்து வைக்கலாம். ஆணையும் பெண்ணையும் புழுவையும் ஓரினம் என்று இணைக்க இது பெரிய உதவி. முன்பு வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும் என்றிருந்தது, இப்போது பொறியில் விழுந்த தனித்தனி மாதிரிகளிலும் தெரிந்துகொள்ள முடிகிறது. ஆயினும் நூறாண்டு பழைய மூல மாதிரிகள் பலவற்றின் டிஎன்ஏ சிதைந்திருக்கும். புதிய வரிசையைப் பழைய பெயரோடு பொருத்த மறுபடியும் உணர்கொம்பின் கணுக்களை எண்ணத்தான் வேண்டும். வரிசை மட்டும் தந்து, உருவத்தை விவரிக்காமல் பெயரிடும் போக்கைப் பல வகைப்பாட்டியலர்கள் எதிர்க்கிறார்கள். வயலில் நிற்கிறவர் கையில் லென்ஸ்தான் இருக்கும் என்பதை நினைத்தால் அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது.

சேகரித்த மாதிரி ஒன்று புதிய இனமாக வெளியாக, சராசரியாக எவ்வளவு காலம் ஆகிறது என்று 2012இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். விடை 21 ஆண்டு. அலமாரியில் பெயரில்லாமல் அவை காத்திருக்கும் காலம் அது. மாதிரி இல்லாத குறையால் இது நேர்வதில்லை. அதைப் படித்துச் சொல்லக்கூடிய ஆள் குறைவு. கொப்புள ஈக்களை முழுநேரமாக ஆராய்கிறவர்கள் உலகம் முழுவதிலுமே மிகச் சிலர். ஒருவர் ஓய்வு பெற்றால் அவர் கற்ற பேரினங்களைத் தொட அடுத்தவர் வரப் பல ஆண்டு ஆகிறது.

தமிழ்நாட்டு வரப்புப் புற்களில் வாழும் ஆர்சியோலியா ஈக்களைப் பிரித்தறிய வேண்டிய முறை ஆப்பிரிக்க ஆய்வுகளில் ஏற்கெனவே வகுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு புல்லின் குழலையும் தனித்தனிப் புட்டியில் வளர்க்க வேண்டும். வெளிவரும் ஈயை வலைக்கூண்டில் நெல் நாற்றின்மேலும் அதே புல்லின்மேலும் விட்டு, எதில் குழல் உண்டாகிறது என்று பார்க்க வேண்டும். கூடவே வரும் குளவிகளையும் ஆல்கஹாலில் சேர்த்து வைக்க வேண்டும். பின் ஆணும் பெண்ணும் கூட்டுப்புழுத் தோலும் ஒரே எண்ணின் கீழ்த் தகடுகளில் பதிந்து, முங்கேர் ஈயிலிருந்து தொடங்கிய விவரிப்புகளோடு ஒப்பிடப்படும். ஒத்துப்போனால் அது ஆனைக்கொம்பன், அதன் உணவுப் பட்டியலில் அந்தப் புல் உறுதியாகச் சேரும். ஒத்துப்போகாவிட்டால் அந்த ஈக்குப் புதிய பெயரும் ஹோலோடைப்பும் தேவைப்படும்.